சாலைக்கு முதுகு காட்டிய வீடு

ஹியர்ஃபோர்ட் சீமையில் வீடு கட்டியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். வீட்டுக்குள் படுத்த படுக்கையாகக் கிடந்தபடி, அந்த வீட்டோடு சேர்ந்தே அரைவட்டம் சுற்றி வந்தவன் நான் ஒருவன்தான். நம்பாதவர்கள் எங்கள் ஊர் மார்டன்ஹோப்புக்கு வந்து லெட்டிஸ் கோவரைக் கேட்டுப் பார்க்கலாம். அவள் இல்லையென்பாள். அவளுக்கு அடக்கம் அதிகம்.

என் பெயர் பார்னபி. நாற்பத்தைந்து வருஷம் மர அறுப்பில் கீழாளாக இருந்தவன். குழிமேல் ஓக் மரத்தைக் கிடத்தி, மேலே ஒருவனும் கீழே ஒருவனுமாக நின்று நீள வாளை இழுப்போம். மேலே நிற்பவனுக்கு நல்ல காற்று, நல்ல கூலி, நல்ல பெயர். கீழே நிற்பவனுக்கு மரத்தூள். நான் விழுங்கிய தூளைத் திரட்டி ஒட்டினால் எங்கள் தேவாலயத்துக்கு ஒரு ஜோடிக் கதவு செய்யலாம். மிச்சத்தில் பாதிரியாருக்கு ஒரு நாற்காலியும் தேறும். அறுபத்தொன்பது வயதில் வாளைக் கீழே வைத்தேன். அன்றிலிருந்து என் வேலை, சாப்பிடுவதும் அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதும்தான். இரண்டிலும் எனக்கு நல்ல கைராசி.

லெட்டிஸ் என் தம்பி மகனின் மனைவி. நான் அவர்களோடுதான் இருந்தேன். 1632-ஆம் வருஷத்துக் குளிரில் அவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அவர்கள் இருந்த வீடு அவன் ஆயுசுவரைக்கும்தான் அவர்களுக்கு. அவன் போனதும் வீடு பண்ணைப் பிரபுவிடம் திரும்பிப் போய்விட்டது. லெட்டிஸ் அழுதுகொண்டு உட்காரவில்லை. பிரபுவின் மணியக்காரர் கிரெண்டன் முன்னால் போய் நின்று, சாலையோரம் கிடந்த ஒரு துண்டுப் புறம்போக்கைக் கேட்டாள். துண்டு என்றால் துண்டேதான். ஒரு பசு குறுக்கே படுத்தால் தலை சாலையில் இருக்கும், வால் பக்கத்து நிலத்துக்காரன் சில்வெஸ்டர் பிரைடின் பேரிக்காய்த் தோப்பில் இருக்கும்.

கிரெண்டன் நியாயமான மனிதர், ஆனால் வளவளவென்று பேச மாட்டார். "செப்டம்பர் இருபத்தொன்பது, மிக்கேல் திருநாள் அன்னிக்கு மத்தியானம் வருவேன். கதவு வழியா உள்ள வருவேன். கணப்புல தீ எரியணும், தலைக்கு மேல கூரை இருக்கணும். உட்கார்ந்து ஒரு கோப்பை குடிப்பேன். குடிச்சு முடிச்சா நிலம் உன்னுது. முடியலன்னா சில்வெஸ்டருக்கு."

சில்வெஸ்டர் பதினொரு வருஷமாக அந்தத் துண்டில் மாட்டுக்கொட்டகை போடக் காத்திருந்தான். அவனுக்கு எட்டு எருதுகள், நாற்பது பேரி மரங்கள். தன் நிழல் அடுத்தவன் வயலில் விழுந்தால்கூடக் குனிந்து எடுத்துக்கொண்டு வருகிற ஆள்.

வீட்டுக்கு மரச்சட்டம் செய்தவன் ஜெரோம் டண். எங்கள் பக்கத்துத் தச்சர்களிலேயே கெட்டிக்காரன். எங்களூரில் வீட்டை மனையில் கட்டுவதில்லை. காட்டோரம் தச்சன் களத்தில்தான் கட்டுவோம். பச்சை ஓக் மரத்தை அறுத்து, ஒவ்வொரு சுவரையும் தரையில் படுக்கப்போட்டு, தூணுக்கும் விட்டத்துக்கும் துளையும் நாக்கும் வெட்டிப் பொருத்திப் பார்ப்பான் ஜெரோம். ஒரு துளைக்கென்று வெட்டிய நாக்கு அந்தத் துளைக்கு மட்டுமே சேரும். வேறொன்றில் வைத்தால் சம்பந்தி வீட்டு விருந்தில் உட்கார்ந்தவன் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் ஒவ்வொரு மூட்டிலும் உளியால் கோடு கீறிவைப்பான். ஒற்றைக் கோடு போட்ட நாக்கு ஒற்றைக் கோட்டுத் துளைக்கு, இரட்டைக்கு இரட்டை, இப்படி. பிறகு எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் ஏற்றி மனைக்குக் கொண்டுவந்து, ஊரே கூடி ஒரே நாளில் நிறுத்திவிடும். ஜெரோமுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவன் கீறிய கோடுகள் இதுவரை ஒரு தடவையும் பொய் சொன்னதில்லை.

அந்தக் கோடுகளுக்குத் தெரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான்: சாலை எந்தப் பக்கம் இருக்கிறது என்பது.

செப்டம்பர் நாலாம் தேதி வீடு நிறுத்தினோம். அறுவடை முடிந்த நேரம். முப்பது பேர் வந்தார்கள்; நான் எழுபது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், அது உங்களுக்கும் எனக்கும் இடையில் இருக்கட்டும். லெட்டிஸ் ஒரு பெரிய பீப்பாய் ஆப்பிள் கள்ளைச் சாலையோரத்தில் வைத்துவிட்டு, இறைச்சி அடைகள் சுட ஊருக்குள் போய்விட்டாள். ஜெரோம் கல் அடித்தளத்தின்மேல் ஏறி நின்று கத்தினான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! ஒத்தைக் கோட்டு மூலை பீப்பா பக்கம். பீப்பா இருக்கிற பக்கம்தான் வாசல். அப்புறம் என்கிட்ட வந்து அது எங்க இது எங்கன்னு கேக்கக் கூடாது."

சொல்லிவிட்டு இரண்டாவது வண்டியை அழைத்துவரப் போனான்.

வெயில் ஏறியது. பீப்பாயின்மேல் நேராக விழுந்தது. அந்த இடத்தில் வேலை இல்லாதவன் நான் ஒருவன்தான். ஆகவே பொறுப்புள்ளவனும் நான்தான். கள் சூடாகலாமா? பின்பக்கம் சில்வெஸ்டரின் பேரி மரம் ஒன்று வேலியைத் தாண்டி நல்ல நிழல் தந்துகொண்டிருந்தது. மெல்ல உருட்டிக்கொண்டு போய் அங்கே, மனையின் பின்மூலையில் வைத்தேன். நிழலில் வைத்த கள்ளுக்கு ஒரு தனி ருசி என்று பத்துப் பேர் என்னைப் பாராட்டினார்கள். ஜெரோமும் திரும்பி வந்ததும் பாராட்டினான். மூன்று கோப்பை பாராட்டினான்.

அதற்குப் பிறகு வேலை பறந்தது. அடிச்சட்டங்கள் கல்லின்மேல் உட்கார்ந்தன. மூலைத் தூண்களைத் தலைகீழாக, மரத்தின் வேர்ப்பக்கம் மேலே வரும்படி நிறுத்தினோம். அந்தப் பருத்த முனைதான் விட்டத்தையும் முகப்புச் சட்டத்தையும் ஒன்றாகத் தாங்கும். கவைக்கோல் கொடுத்துச் சுவர்ச் சட்டங்களை நிமிர்த்தினோம். கோடு பார், சேர், மர ஆணியை அடி, அடுத்தது. ஒரு நாக்குகூடத் தப்பான துளைக்குப் போகவில்லை. பிற்பகலில் கைமரங்கள் ஏறின, சட்டம் முடிந்ததற்கு அடையாளமாக முகட்டில் பச்சைக் கிளை கட்டினார்கள். வெறும் எலும்புக்கூடு வீடு, வானம் முழுக்க உள்ளே தெரிந்தது. நான் பார்த்ததிலேயே அழகான சட்டம். இதில் மிகை இல்லை.

கிளை கட்டியதும் வீட்டுக்காரிதான் முதலில் கதவுச்சட்டம் வழியாக உள்ளே போக வேண்டும். லெட்டிஸ் அடைக்கூடையோடு சாலையிலிருந்து வந்தாள். நின்றாள். இடதுபக்கம் போனாள், வலதுபக்கம் போனாள்.

"ஜெரோம் அண்ணே, என் கதவு எங்க?"

"எங்க இருக்கும்? முன்னாடிதான்."

"முன்னாடி சுவருச் சட்டம்ல இருக்கு."

"அப்ப நீ பின்னாடி நிக்கிறம்மா."

"நான் ரோட்டுல நிக்கிறேன்!"

ஜெரோம் பீப்பாயைப் பார்த்தான். சாலையைப் பார்த்தான். பிறகு மறுபடி பீப்பாயைப் பார்த்தான். "பீப்பா எப்படிடா அங்க போச்சு?" என்றான். நான் அந்த நேரத்தில் ஒரு பறவையைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

வேலிக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. சில்வெஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கதவு ரொம்ப லட்சணமா இருக்கு லெட்டிஸு! ஒண்ணே ஒண்ணுதான். வாசல்ல இருந்து ஒரு அடி எடுத்து வெச்சா என் தோப்பு. என் தோப்புல எவன் கால் பட்டாலும் வழக்குப் போடுவேன். மணியக்காரரா இருந்தாலும் சரி."

அவன் சொன்னது சட்டப்படி சரி. வேலிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கோழி பக்கவாட்டில் நடக்கலாம், அவ்வளவுதான் இடம். கதவு வழியாக வந்தால்தான் வீடு என்று கிரெண்டன் சொல்லியிருந்தார். கதவுக்குப் போக வழி சில்வெஸ்டரிடம் இருந்தது.

"இந்தப் பக்கம் ஒரு கதவு வெட்டிடலாமா?" என்று லெட்டிஸ் கேட்டாள்.

ஜெரோம் நெஞ்சில் கை வைத்தான். "இந்தப் பக்கம் பூரா சாய்வுக்கட்டை. அதுதான் கூரை அகலாம பிடிச்சிருக்கு. அதை வெட்டுறதும், உன் காலை வெட்டிட்டு ஓடுன்னு சொல்றதும் ஒண்ணு."

"கழட்டித் திருப்பி மாட்டுங்க."

"நூத்தி அறுபது மர ஆணி அடிச்சிருக்கேன். துளையைக் கொஞ்சம் விலக்கிப் போட்டு, ஆணி போகப் போக மூட்டு இறுகிற மாதிரி. பிடுங்கினா நாக்கு பொளந்துடும். பொளந்தா புது மரம் வேணும், குளிர்காலத்துலதான் மரம் வெட்டுவோம், அது வரைக்கும் காத்திருக்கணும்." தலையைச் சொறிந்தான். "ஒரு வழி இருக்கு. சுவரு பூசலை, கூரை வேயலை. இப்ப இது ஒரு கூடை மாதிரி. அடியில உருளைக்கட்டை குடுத்து, ரோட்டுக்கு இழுத்து, சுத்தித் திருப்பி மறுபடி ஏத்திடலாம். ஆனா எட்டு எருது வேணும்."

ஊரில் எட்டு எருது யாரிடம் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. லெட்டிஸ் வேலிக்குப் போய்க் கேட்டாள்.

"அதுங்க பாவம், களைச்சுப் போயிருக்கும்மா. மிக்கேல் திருநாளுக்கு மறுநாள் வா, யோசிக்கலாம்" என்றான் சில்வெஸ்டர்.

அன்று சாயங்காலம் லெட்டிஸ் மிச்ச அடைகளைத் துணியில் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "எனக்கென்ன மாமா, லெட்பரி பட்டணத்துல எந்த வீட்டுலயாவது பாத்திரம் தேய்ச்சாவது பொழைச்சுக்குவேன். உங்களை யாரு வெச்சுக்குவாங்க?"

பீப்பாயை நகர்த்தியவன் நான். புருஷனைப் பறிகொடுத்த பெண்ணின் வீட்டைத் திருப்பிவைத்தவன் நான். அதற்குப் பதிலாக அவள் என் சோற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை என் வைக்கோல் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு, தூண்களின் இடுக்கு வழியாக உள்ளே நுழைந்து, வீட்டின் நட்டநடுவில் விரித்துப் படுத்தேன். கம்பளியைத் தாடைவரை இழுத்துக்கொண்டேன். முனக ஆரம்பித்தேன். முனகல் வேலிக்கு அந்தப்பக்கம் கேட்கும்படி பார்த்துக்கொண்டேன்.

சில்வெஸ்டர் எட்டிப் பார்த்தான். "யோவ் பார்னபி, அங்க என்னய்யா பண்ற?"

"சாகறேன்."

"நேத்து ஆறு அடை தின்னியேய்யா!"

"அதுதான் கடைசி. சொந்தக் கூரைக்குக் கீழ சாகணும்னு ஆசை சில்வெஸ்டரு. கூரை இல்ல, பரவாயில்ல. கதவு இருக்கு."

"சரி, செத்துத் தொலை" என்று சொல்லித் திரும்பியவன் நாலு அடி போனான். நின்றான். அவன் முதுகைப் பார்த்தே அவன் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிந்த சங்கதி இது. சவ ஊர்வலம் ஒரு தடவை போன வழி, அன்றிலிருந்து ஊருக்கே பாதை. யாருடைய நிலமானாலும் சரி, வேலி போட முடியாது, அடைக்க முடியாது. சில்வெஸ்டரின் பாட்டன் காலத்தில் ஓடை பெருகி, ஒரு சவப்பெட்டியை அவர்களுடைய பார்லி வயல் வழியாகத் தூக்கிப் போனார்கள். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்க அந்த பார்லியை மிதித்துத்தான் தேவாலயத்துக்குப் போகிறது. சில்வெஸ்டர் வாரா வாரம் ஜன்னலில் நின்று பல்லைக் கடிப்பான்.

அவன் வேலிக்குத் திரும்பி வந்தான். குரல் சற்று இறங்கியிருந்தது.

"பார்னபி... உன்னை எந்தப் பக்கமா எடுப்பாங்க?"

"நான் யாருக்கும் தொந்தரவு குடுக்க மாட்டேன்பா. ஆறு பேரு தூக்குவாங்க. கதவு வழியா எடுத்து, அப்படியே உன் மரத்தடியில... எவ்வளவு குளுகுளுன்னு இருக்கும்!"

"இந்தப் பக்கம் இடுக்கு வழியா எடுக்கட்டுமே! நீயே அப்படித்தானே உள்ள போன?"

"உசுரோட இருக்கிறவன் எந்த ஓட்டையில வேணா நுழையலாம். பொணம் கதவு வழியாத்தான் போகணும். இல்லன்னா திரும்பி வரும். உங்க அத்தை செத்தப்ப படிக்கட்டு குறுகல், ஜன்னல் வழியா இறக்கலாம்னு நான்தான் சொன்னேன். ஒத்துக்கிட்டியா நீ?"

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. படிக்கட்டை உடைத்தான்.

அன்று மதியம் எனக்கு ஆட்டெலும்புச் சாறு வந்தது. மறுநாள் முட்டைப் பாயசம். அதற்கடுத்த நாள் இறகுத் தலையணை ஒன்று வேலி மேலாகப் பறந்து வந்தது. இரண்டு வாத்தின் கொழுப்பை என் மார்பில் தேய்க்கச் சொல்லி அனுப்பினான். நான் ரொட்டியில் தேய்த்துக்கொண்டேன். மழைத் தூறல் விழுந்த அன்று, தன் கையாலேயே ஒரு தோல்விரிப்பைக் கொண்டுவந்து என் தலைக்கு மேலே விட்டத்தில் கட்டிவிட்டுப் போனான். வாழ்நாளில் என்னை யாரும் இவ்வளவு அக்கறையாகக் கவனித்ததில்லை. ஐந்தே நாளில் இடுப்புக்கயிற்றைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

லெட்டிஸ்தான் பயந்துபோனாள். ஆறாம் நாள் இடுக்கு வழியாகத் தலையை நுழைத்தாள். கண் சிவந்திருந்தது.

"மாமா, நெஜமாவே போகப் போறீங்களா?"

"கிட்ட வாம்மா. இன்னும் கிட்ட." காதில் சொன்னேன். பாதையைச் சொன்னேன், சாறைச் சொன்னேன். சொல்லிக்கொண்டு வந்த வேகத்தில் பீப்பாயையும் சொல்லிவிட்டேன்.

அவள் என் காதைப் பிடித்துத் திருகினாள். எழுபத்தொரு வயதில் காது இன்னும் இவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் போட்ட கூச்சலில் சில்வெஸ்டர் ஓடி வந்தான்.

"என்ன ஆச்சு? போயிட்டாரா?"

லெட்டிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "வலி தாங்க முடியலை அவருக்கு. ரொம்ப நாள் இருக்க மாட்டாரு" என்றாள். அவளிடம் இப்படி ஒரு திறமை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

மறுநாள் அவள் ஜெரோமை அழைத்துவந்தாள். அவன் நூல் பிடித்து என்னை நீளவாக்கில் அளந்தான், அகலவாக்கில் அளந்தான். "வயித்துக்கிட்ட கொஞ்சம் தாராளமா விடணும்" என்றான். எல்ம் மரப் பலகையில் சவப்பெட்டி செய்து, சில்வெஸ்டரின் வேலியருகே, அவன் தினமும் போகிற வழியில் சாய்த்து வைத்தான். பெட்டியின் மூலைகளில் உளிக்கோடுகள் இருந்தன. "இதையும் தலைகீழா பூட்டிடக் கூடாதுல்ல" என்றான்.

ஆனால் சில்வெஸ்டர் முட்டாள் இல்லை. பத்தாம் நாள், முன்னறிவிப்பு இல்லாமல் கதவுச்சட்டத்தின் வழியாக நேரே உள்ளே வந்து நின்றான். என் மெத்தைக்கு அருகே தரையில் ஏழு பேரிக்காய்க் காம்புகள் கிடந்தன. அவனுடைய மரத்துக் காம்பு அவனுக்குத் தெரியாதா?

"சாகப் போறவனுக்கு இது என்னய்யா?"

நான் கண்ணை மூடியபடி ஒரு காம்பை எடுத்துத் தள்ளி வைத்தேன்.

"மிச்சம் இருக்கிற நாளை எண்ணிக்கிட்டிருக்கேன். ஏழு இருந்துச்சு. இன்னியோட ஆறு."

அவன் காம்பைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், தன் தோப்பைப் பார்த்தான். நாற்பது மரங்களுக்கு நடுவே ஊர் ஜனம் பேசிக்கொண்டே, பழம் பறித்துத் தின்றுகொண்டே, ஞாயிறுதோறும் நடந்து போவது அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது. கொட்டகை போடும் துண்டு நிலம் பெரிதா, தோப்பு பெரிதா? கணக்குப் போட அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"லெட்டிஸு!" என்று அலறினான். "எருதுங்களை ஓட்டிட்டு வரேன். இன்னிக்கே இந்த வீட்டைத் திருப்புங்க!"

ஒரு மணி நேரத்தில் எட்டு எருதுகளும் சாலையில் நின்றன. ஜெரோம் நெம்புகோல் போட்டு அடிச்சட்டத்தைக் கல்லிலிருந்து விரலளவு விரலளவாகக் கிளப்பினான். உருளைக்கட்டைகள் உள்ளே போயின, ஆட்டுக்கொழுப்பு பூசினார்கள்.

"கிழவரை வெளிய எடுத்துடலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"தொடாதீங்க!" என்று சில்வெஸ்டர் பாய்ந்தான். "தூக்குறப்ப போயிட்டா? கதவு இன்னும் என் பக்கம்தான் இருக்கு. அப்படியே கிடக்கட்டும்!"

ஆகவே அப்படியே கிடந்தேன். அடிச்சட்டங்களின் குறுக்கே நாலு பலகை போட்டு, அதன்மேல் என் மெத்தை. எருதுகள் முக்கின. வீடு ஒரு பெருமூச்சு விட்டது. தொடர்ந்து நூற்றறுபது ஆணிகளும் ஒரே குரலில் முனகின. என் முனகலை யாரும் கவனிக்கவே இல்லை. கல்லை விட்டு இறங்கி வீடு சாலைக்கு வந்தது. ஒரு மூலையை நங்கூரமாகப் பிடித்துக்கொண்டு மறுமூலையை இழுத்தார்கள். அண்ணாந்து படுத்திருந்த எனக்கு வானம் சுற்றியது, மேகம் சுற்றியது. தேவாலயக் கோபுரம் ஒரு தூணிடுக்கில் தோன்றி அடுத்த இடுக்குக்கு நகர்ந்தது. சில்வெஸ்டரின் முகம் வந்தது, போனது. அதற்குப் பிறகு நான் எத்தனையோ பேரிடம் வீடு மூன்று முறை முழுதாகச் சுற்றியது என்று சொல்லியிருக்கிறேன். அரைச்சுற்றுதான். ஆனால் உள்ளே இருந்தவனுக்கல்லவா தெரியும்?

ஒரு மூட்டு பிசகவில்லை. மறுபடி கல்லின்மேல் ஏறி உட்கார்ந்ததும் ஜெரோம் குனிந்து அடிச்சட்டத்துக்கு ஒரு முத்தம் கொடுத்தான். கதவு சாலையைப் பார்த்து நின்றது.

நான் எழுந்தேன். கம்பளியை மடித்தேன். கதவு வழியாகச் சாலைக்கு நடந்துபோய்ச் சோம்பல் முறித்தேன்.

சில்வெஸ்டரின் வாய் திறந்தபடியே நின்றது. "நீ... நீ சாகலையா?"

"உன் எலும்புச் சாறுதான்பா காப்பாத்துச்சு. கை தேர்ந்த வைத்தியனெல்லாம் உன்கிட்ட பிச்சை வாங்கணும்."

அவன் அப்போது சொன்ன வார்த்தைகளை நான் இங்கே எழுத முடியாது. எருதுகளே தலையைத் திருப்பிக்கொண்டன.

மிக்கேல் திருநாளுக்குப் பதினைந்து நாள் இருந்தது. லெட்டிஸ் என்னை அதற்கப்புறம் உட்காரவே விடவில்லை. "சாறு குடிச்ச உடம்பு, வேலை செய்யட்டும்" என்றாள். தூண்களுக்கு நடுவே ஓக் குச்சிகளை நட்டு, ஹேசல் மரத்து மிளாறுகளைக் கூடை பின்னுவதுபோல் வளைத்துப் பின்னினோம். களிமண், சாணம், நறுக்கிய வைக்கோல் மூன்றையும் சாலையோரக் குழியில் கொட்டி மிதித்தோம். மிதித்ததில் பாதி நான். முழங்கால்வரை உள்ளே போய் இரண்டு தடவை என்னை நெம்புகோல் போட்டு எடுத்தார்கள். மேலே கூரைக்காரர்கள் நனைத்த நீளக் கோதுமைத் தாளைக் கற்றை கற்றையாக வைத்து, முறுக்கி வளைத்த ஹேசல் ஊசிகளால் குத்தி இறுக்கிக்கொண்டே முகட்டை நோக்கி ஏறினார்கள். எல்லாம் நேரத்துக்கு முடிந்திருக்கும். நடுவில் மூன்று நாள் மழை பிடித்துக்கொண்டது. பூசிய மண் காயவே இல்லை. கணப்புப் பக்கத்துச் சுவரை மிக்கேல் திருநாள் காலையில்தான் பூசி முடித்தோம்.

மத்தியானம் கிரெண்டன் வந்தார். நல்ல கறுப்புக் கம்பளிக் கோட்டு, புதுசு. அவருக்குப் பின்னாலேயே சில்வெஸ்டர். வெளியே நின்றபடியே ஆரம்பித்துவிட்டான்.

"ஐயா, உள்ள போறதுக்கு முன்னாடி சுவரைத் தொட்டுப் பாருங்க. பச்சை மண்ணு. இது வீடே இல்ல, சேறு. ஒரு காத்து அடிச்சா எல்லாம் வழிஞ்சு போயிடும். நிக்காத சுவரை எப்படி வீடுன்னு எழுதுவீங்க?"

கிரெண்டன் கதவு வழியாக உள்ளே வந்தார். தீயைப் பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். கணப்புப் பக்கத்துச் சுவரில் ஒரு விரலை வைத்தார்; விரல் கணுவரை உள்ளே போயிற்று. அதை எடுத்துப் பார்த்தார். புருவம் நெருங்கியது. லெட்டிஸின் முகத்தில் ரத்தமே இல்லை. கோப்பையை நீட்டினாள்.

"உட்காருங்கய்யா" என்றாள்.

கணப்புச் சுவரையொட்டிய பெஞ்சில் உட்கார்ந்தார். முதல் வாய் குடித்தார். கள் நல்ல கள். தீயும் நல்ல தீ. அப்படியே சுகமாகச் சாய்ந்தார்.

"சில்வெஸ்டர் சொல்றதுல விஷயம் இருக்கு" என்று யோசனையோடு பேசினார். "சுவரு நிக்கணும். நிக்காதுன்னா நான்..." அழுத்தம் கொடுத்துச் சொல்ல முன்னால் குனியப் பார்த்தார். குனிய முடியவில்லை. மறுபடி முயன்றார். முதுகு வரவில்லை. நான் மிதித்த மண், சும்மாவா? சாணமும் வைக்கோலும் அந்தப் புதுக் கம்பளியை உறவாடிப் பிடித்துக்கொண்டிருந்தன.

கிரெண்டன் மூன்றாவது தடவையும் இழுத்துப் பார்த்தார். சுவர் அசையவில்லை, ஒரு துண்டுகூட உதிரவில்லை. அவர் மெல்லப் பின்னால் சாய்ந்து, கோப்பையில் மிச்சமிருந்ததை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"சில்வெஸ்டரு, இந்தச் சுவரு நிக்கிறது மட்டுமில்லப்பா. என்னையும் உட்கார வெச்சிருக்கு. இதை வீடில்லன்னு நான் எப்படி எழுதுவேன்? நிலம் லெட்டிஸுக்கு. இப்ப உள்ள வந்து என்னை இழு."

சில்வெஸ்டர் வந்தான். கதவு வழியாகத்தான் வந்தான். அவன் ஒரு கையையும் ஜெரோம் மறுகையையும் பிடித்து இழுத்தார்கள். மணியக்காரர் கோட்டிலிருந்து உருவிக்கொண்டு சட்டையோடு வெளியே வந்து விழுந்தார். கோட்டு சுவரிலேயே கைவிரித்துக்கொண்டு நின்றது. சிறிது நேரம் கழித்து அதையும் பிடுங்கினார்கள். ஒரு பாலாடைக்கட்டி அளவு மண் கூடவே வந்தது.

லெட்டிஸ் ஏற்கனவே குழிக்கு ஓடிப்போய் ஒரு கை சேறு அள்ளி வந்திருந்தாள். பள்ளத்தில் அதைச் சப்பென்று அடித்து, உள்ளங்கையால் வழித்துக்கொண்டே தலையைத் திருப்பாமல் சொன்னாள்:

"எல்லாரும் குடிங்க. ஆனா என் சுவத்துல யாரும் சாயாதீங்க."